வாடுற நகைக்கு ஒரு கலைஞர்: ஸ்ரீரங்கத்தின் பூக்கூடை ஆழ்வார்

வளைகாப்புக்கு மல்லி மொட்டுலயே நெத்திச்சுட்டி, கம்மல், ஒட்டியாணம்னு பூ நகை செஞ்சு போடுற ரீல்ஸ் உங்க போன்லயும் வந்திருக்கும். காலையில கட்டினா சாயங்காலம் வாடிடும். அப்படி வாடிப்போற நகையையே வாழ்நாள் வேலையா எடுத்துக்கிட்ட ஒருத்தர் ஸ்ரீரங்கத்துல இருந்தார். அவர்தான் தொண்டரடிப்பொடி ஆழ்வார்.

சொந்தப் பெயர் விப்ரநாராயணன். கும்பகோணம் பக்கத்தில் திருமண்டங்குடியில், மார்கழி கேட்டையில் பிறந்தவர். காலம் சுமார் 8, 9-ம் நூற்றாண்டு. அவர் வாழ்க்கையை குருபரம்பரை நூல்கள் இப்படிச் சொல்கின்றன. ரங்கநாதரைப் பார்க்க வந்தவர், ஊர் திரும்பவே இல்லை. நந்தவனம் போட்டு, பூவும் துளசியும் பறித்து, தினமும் மாலை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இது சின்ன வேலைன்னு நினைக்காதீங்க. ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூக்கடைகள் பக்கம் ஒருநாள் நின்னு பாருங்க. நனைத்த வாழைநாரும் பத்து விரலும் மட்டும்தான். எவ்வளவு இறுக்கணும்னு கைதான் சொல்லும். கொஞ்சம் கூடினால் காம்பு அறுந்துடும், குறைந்தால் பூ உதிர்ந்துடும்.

விப்ரநாராயணர் அந்த வேலையில் எவ்வளவு மூழ்கி இருந்தார்னா, அரசன் மெச்சிய அழகி தேவதேவி நந்தவனத்துக்குள் வந்து நின்றபோதுகூட நிமிரவில்லை. தேவதேவிக்கு அது பெரிய அவமானம். அவரை மயக்கிக் காட்டுகிறேன் என்று அக்காவிடம் சபதம் போட்டு, நகைகளைக் கழற்றி வைத்துவிட்டு, எளிய உடையில் தோட்ட வேலைக்கு வந்தாள். மாதங்கள் போயின. ஒரு மழை நாளில், நனைந்தபடி நின்றவளைக் குடிலுக்குள் கூப்பிட்டார். அதோடு மாலை கட்டுவது நின்றது. (1954-ல் பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்து இந்தக் கதை தெலுங்கில் படமாகவும் வந்தது.)

கையில் இருந்ததெல்லாம் கரைந்ததும் அவள் வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அன்று இரவு ரங்கநாதரே அவருடைய வேலைக்காரன் போல வேஷம் போட்டு, கோயில் பொன்வட்டிலை தேவதேவி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாராம். விடிந்ததும் வட்டிலைக் காணோம் என்று தேடல். காலமெல்லாம் பூ தவிர எதையும் தொடாத மனுஷன், பொன் திருடினார் என்று சோழ அரசன் முன்னால் நின்றார். கடைசியில் அரசனின் கனவில் பெருமாள் வந்து சொன்ன பிறகே விடுதலை.

திரும்பவும் நந்தவனத்துக்கே போனார். இந்த முறை பெயர் தொண்டரடிப்பொடி, அதாவது அடியார்களின் காலில் ஒட்டிய தூசி. தேவதேவியும் தன் செல்வத்தை எல்லாம் கோயிலுக்குக் கொடுத்துவிட்டாள் என்கிறார்கள்.

அவர் பாடியது மொத்தம் 55 பாசுரங்கள். அதில் 45 பாசுரங்கள் உள்ள நூலின் பெயரே 'திருமாலை'. அதில் தன் குறைகளை அவரே வரிசையாகப் போட்டு உடைக்கிறார். பூ எடுத்து உன் அடியில் சூட்டாதவன் நான் என்றுகூட ஓரிடத்தில் புலம்புகிறார். மாலை கட்டியவர் இதைச் சொல்வதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம்.

இன்னொன்று, மார்கழி விடியலில் பாடும் 'திருப்பள்ளியெழுச்சி'. பத்தே பாசுரம். கடைசியில் தன் பெயரைச் சொல்லும்போது கூடவே அடையாளமும் கொடுக்கிறார்: துளசி மாலையும், தோளில் ஒரு கூடையும். கோயில் சிலைகளிலும் அவர் பூக்கூடையோடுதான் நிற்கிறார்.