வாழ்ந்து காட்டிய வேதநாயகர்

பாடுவது எளிது, பாடியபடி வாழ்வது அரிது. அறநூல் பாடும் புலவரை உலகம் இரண்டு தராசுகளில் நிறுக்கும். ஒன்றில் அவருடைய செய்யுள். மற்றொன்றில் அவருடைய வாழ்க்கை. இரண்டிலும் குறைவுபடாது நின்றவர் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஆவார்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கியமரி அம்மாள். ஆங்கிலமும் தமிழும் நன்கு பயின்று, திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் பதவி பெற்றார். அதன்பின் சீர்காழியிலும், நெடுங்காலம் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தமையால் ஊர்ப்பெயரும் பதவிப்பெயரும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

காவிரிக் கழனிகள் சூழ்ந்த அப்பகுதியில் நிலமும் கடனும் பாகப் பிரிவினையுமே பெரும்பாலும் வழக்காக வந்தன. ஒரு தீர்ப்பினால் ஒரு குடும்பம் வாழவும் கூடும், வீழவும் கூடும். தீர்ப்பளிப்பவர் வீட்டு வாயிலைக் கையுறையோடு நாடுவோர் எக்காலத்தும் உண்டு. அத்தகைய இருக்கையில் அமர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே, 1859இல், அவர் ‘நீதிநூல்’ என்னும் செய்யுள் நூலை வெளியிட்டார். அதில் கைக்கூலி வாங்குவதை அவர் கடுமையாகச் சாடியுள்ளார். ஒதுங்கி வாழும் புலவர் கைக்கூலியைக் கண்டித்தல் ஒன்று. நாள்தோறும் வழக்காளிகளின் எதிரில் அமரும் நீதிபதி அதனைக் கண்டித்து அச்சிட்டு வழங்குதல் மற்றொன்று. அந்நூலைக் கற்ற ஒவ்வொருவரும் அவருடைய நடத்தைக்குச் சாட்சியாகிவிடுகின்றனர். அச்சாட்சிகளுக்கு அஞ்ச வேண்டாத வாழ்வே அவருடையது.

ஏழை வழக்காளி தன் வழக்கின் போக்கைத் தானே அறிதல் வேண்டும் என்பது அவருடைய மற்றொரு கவலை. 1805 முதல் 1861 வரையிலான உயர்நிலைத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ எனத் தொகுத்தளித்தார். நீதிமன்றங்களில் தமிழ் வழங்க வேண்டும் என்ற கருத்தை, தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879) என்னும் நூலிலும் எடுத்துரைத்தார். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்பதற்காகப் ‘பெண்மதி மாலை’ பாடினார். அயலாரிடத்து அன்பு என்னும் வேதக் கட்டளை அவரிடத்தில் இவ்வாறு அன்றாட அலுவலாக உருவெடுத்தது.

1872இல் அவர் பதவியை விட்டு நீங்கினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் கண்ட துயரம் சொல்லுந்தரமன்று. அதிகாரம் கையிலில்லாத அந்நாளில், தாம் தேடிய பொருளை எடுத்துக் கஞ்சித் தொட்டிகளுக்கு வழங்கினார் வேதநாயகர். பசித்து வந்தோரிடம் சாதியோ சமயமோ வினவப்படவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைக் கண்டு நெகிழ்ந்து அவரைப் புகழ்ந்து பாடினார். சிவபக்தியில் திளைத்த ஒருவர் கிறித்தவர் ஒருவரைப் போற்றிப் பாடியது அச்செயலின் பெருமையைக் காட்டும்.

இத்தகைய கேண்மை அவருக்குப் புதிதன்று. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துக் ‘குளத்தூர்க் கோவை’ இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகர் செய்யுளால் போற்றினார். இந்நட்பின் செய்திகளை உ.வே. சாமிநாதையர் எழுத்தில் வைத்துப் போயிருக்கிறார்.

பஞ்ச காலத்தின் இறுதியாண்டாகிய 1878இல் வெளிவந்தது ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. எச்சமயத்தாரும் பாடத்தக்கவாறு, எந்தத் தெய்வத்தின் பெயரையும் தனித்துச் சுட்டாமல் கடவுளை நோக்கி அமைந்த பாடல்கள் அவை. இதனைக் கொண்டு அவருடைய சமயப் பற்று தளர்ந்தது என எண்ணுதல் பொருந்தாது. ‘தேவமாதா அந்தாதி’, ‘திருவருள் அந்தாதி’ முதலியவற்றை 1873இல் பாடியவரும் அவரே. தம் சமயத்தார்க்கெனச் ‘சத்திய வேதக் கீர்த்தனை’ அளித்தவரும் அவரே. தம் இல்லத்தில் விளக்கை அணைத்துவிட்டுத் தெருவுக்கு வந்தவரல்லர் அவர். உள்ளே எரிந்த விளக்கின் ஒளியே தெருவுக்கும் உதவிற்று. பசித்தவன் வாயில் கஞ்சி வார்க்கையில் சமயப்பெயர் குறுக்கே நில்லாதது போலவே, துயருற்றவன் இறைவனை அழைக்கையிலும் அது குறுக்கே நிற்றல் ஆகாது என அவர் கருதினார் போலும். அக்கீர்த்தனைகளைப் பிற்காலத்து இசைவாணர் பலர் கச்சேரி மேடைகளில் பாடினர். கேட்டு உருகியோர் எல்லாச் சமயத்தாரும் ஆவர்.

1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். தம் நம்பிக்கையை வாதிட்டு நிலைநாட்டுவதினும், அதனைக் கொண்டு தீர்ப்பெழுதவும், பசி தீர்க்கவும், நட்புப் பேணவும், பாடவும் செய்தார் அவர். எழுதும் சொல்லுக்குத் தாமே முதற் சாட்சியாக நிற்றல் வேண்டும் என எண்ணும் கவிஞர்க்கெல்லாம் அவர் வாழ்வு என்றும் உற்ற துணையாகும்.