கோல்ஃப் வீராங்கனை பேப் டிட்ரிக்ஸன்

புதிதாக ஒரு விளையாட்டைத் தொடங்குகிறவர்கள் ஆசிரியரை அமர்த்திக் கற்றுக்கொள்ள வேண்டுமா, அல்லது ஆடி ஆடித் தாமே பழகிக்கொண்டால் போதுமா? எறிபந்துக்கும் கபடிக்கும் இக்கேள்வி பெரிதாக எழுவதில்லை. தோழியரோடு திடலில் இறங்கினால் கை தானே பழகிவிடும். ஆனால் கோல்ஃப் போன்ற செலவு மிகுந்த ஆட்டத்தில், மட்டைக்கும் பந்துக்கும் கொடுத்த பின் ஆசிரியருக்கு வேறு கொடுக்க வேண்டுமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. இதற்கு விடை தேடி நாம் ஒரு பெண்மணியின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தோம். ஓட்டம், எறிதல், தாண்டுதல் ஆகியவற்றில் உலகையே வியக்க வைத்தவர் அவர். ஆசிரியரே தேவையில்லாத பிறவி என்று ஊரார் நினைத்தவர். அப்படிப்பட்டவர் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தபோது என்ன செய்தார் என்பதே நம் கதை.

மில்ட்ரெட் டிட்ரிக்ஸன் 1911ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் ஆர்தர் நகரில் பிறந்தார். நார்வேயிலிருந்து குடியேறிய குடும்பம். தந்தை ஓலே தச்சு வேலை செய்தவர். ஏழு குழந்தைகளில் மில்ட்ரெட் ஆறாவது. 1915இல் பெரும் புயல் அடித்த பிறகு குடும்பம் அருகிலுள்ள போமான்ட் நகருக்குக் குடிபெயர்ந்தது. வறுமையில் வாடிய வீடுதான். ஆனால் விளையாட்டுக்குக் குறைவில்லை. துடைப்பக் கட்டையின் இரு முனைகளிலும் பழைய இஸ்திரிப் பெட்டிகளைக் கட்டித் தந்தை எடை தூக்கும் கருவி செய்து வைத்தார். ஆண் பிள்ளைகளுக்காகச் செய்ததை மில்ட்ரெடும் தூக்கிப் பழகினார். பையன்களோடு பேஸ்பால் ஆடிப் பந்தை வெகுதூரம் அடித்ததால், அக்காலத்துப் பெரிய ஆட்டக்காரரான பேப் ரூத்தின் பெயரால் 'பேப்' என்றே அழைக்கப்பட்டதாக அவர் சொல்லிக்கொள்வார்.

தடை ஓட்டத்தை அவர் கற்ற விதம் வேடிக்கையானது. வீட்டிலிருந்து மளிகைக் கடைக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வீடு செடி வேலிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டு ஓடுவார். ஒரு வேலி மட்டும் மற்றவற்றைவிட உயரம். அந்த வீட்டுக்காரரிடமே போய் அதை வெட்டிச் சமன் செய்யும்படி கேட்டார். அவரும் வெட்டிக் கொடுத்தார்! செடி வேலி அகலமானது என்பதால் முழங்காலை மடக்கித் தாண்டும் பழக்கம் வந்தது. எந்த ஆசிரியரும் சொல்லித் தராத பாணி அது. கடைசி வரை மாறவே இல்லை.

1930இல் டாலஸ் நகரத்து எம்ப்ளாயர்ஸ் காஷுவல்ட்டி என்ற காப்பீட்டுக் கம்பெனி, தன் பெண்கள் கூடைப்பந்து அணிக்காக அவருக்கு மாதம் 75 டாலர் சம்பளத்தில் அலுவலக வேலை கொடுத்தது. 1932 ஜூலையில் எவன்ஸ்டன் நகரில் நடந்த தேசியத் தடகளப் போட்டிக்கு அக்கம்பெனியின் 'அணி'யாகச் சென்றவர் அவர் ஒருவரே. ஒரே பிற்பகலில் எட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு 30 புள்ளிகள் பெற்றார். இரண்டாம் இடம் பெற்ற மன்றத்தில் 22 வீராங்கனையர். அவர்கள் எல்லாரும் சேர்ந்து பெற்றது 22 புள்ளிகள்.

அதை அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். பெண்களுக்கு மூன்று போட்டிகளுக்கு மேல் அனுமதி இல்லை. ஈட்டி எறிதலில் 43.69 மீட்டர் எறிந்து தங்கம். 80 மீட்டர் தடை ஓட்டத்தை 11.7 வினாடியில் ஓடி உலகச் சாதனையுடன் தங்கம். உயரம் தாண்டுதலில் ஜீன் ஷைலி என்ற வீராங்கனையும் இவரும் சமமாகத் தாண்டினார்கள். ஆனால் பேப் தலையை முதலில் கம்பிக்கு மேல் செலுத்தித் தாண்டியது விதிக்குப் புறம்பானது என்று நடுவர்கள் கடைசி நேரத்தில் தீர்ப்பளித்தார்கள். எனவே வெள்ளிப் பதக்கமே கிடைத்தது. திறமை ஒரு பக்கம் இருக்க, விதியும் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்ற கசப்பான பாடத்தை அவர் அங்கே கற்றிருப்பார் என்றே நமக்குத் தோன்றுகிறது. பின்னாளில் கோல்ஃப் விதிப் புத்தகத்தை இரவு வேளைகளில் அவர் கருத்தூன்றிப் படித்ததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இந்த ஆட்டத்தை நம் மாணவியர் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். பரந்த புல்வெளியில் 18 குழிகள். ஒவ்வொரு குழியின் வாய் அகலமும் நாலேகால் அங்குலமே. தொலைவிலிருந்து ஒரு சிறு பந்தை மட்டையால் அடித்து, எவ்வளவு குறைந்த அடிகளில் முடியுமோ அவ்வளவு குறைவாக அக்குழிக்குள் சேர்க்க வேண்டும். பந்து ஓடி வருவதில்லை, அசையாமல் கிடக்கிறது. இதில் என்ன சிரமம் என்று தோன்றும். ஆனால் 200 கெஜம் போகிற பந்து புறப்படும்போது 5 டிகிரி விலகினாலே, விழும்போது 17 கெஜம் விலகி மரத்தடியிலோ மணற்குழியிலோ போய்ச் சேரும். வலிமை கூடக் கூட இந்தப் பிழையும் கூடும். பலசாலிக்குத்தான் இவ்வாட்டத்தில் தொல்லை அதிகம்!

ஒலிம்பிக் முடிந்ததும் கிராண்ட்லண்ட் ரைஸ் என்ற புகழ்பெற்ற பத்திரிகையாளர் பேப்பைக் கோல்ஃப் ஆட அழைத்துச் சென்றார். அவர் அடித்த பந்து பறந்த தூரத்தைக் கண்டு உடன் ஆடியவர்கள் திகைத்தார்கள். மட்டையை எடுத்தார், சாம்பியன் ஆனார் என்ற கட்டுக்கதை அன்றே பிறந்துவிட்டது. உண்மை வேறு. அதற்கு முன்பும் அவர் சில தடவை ஆடியிருக்கிறார். அதற்குப் பிறகு அவருடைய முதல் பெரிய வெற்றிக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த ஆண்டுகள் எப்படிக் கழிந்தன என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

1933இல் கையிலிருந்த சேமிப்புடன் அவர் கலிபோர்னியா சென்று ஸ்டான் கெர்ட்டஸ் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். கெர்ட்டஸ் அவரிடம் கட்டணம் வாங்காமலே கற்றுக் கொடுத்தார். மட்டையைப் பிடிக்கும் விதம், நிற்கும் விதம், தோளையும் இடுப்பையும் திருப்பும் விதம் என்று எல்லாம் அரிச்சுவடியிலிருந்து தொடங்கியது. ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர் முதல் வகுப்புப் பிள்ளைபோல் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அதையே நாளெல்லாம் அடித்துப் பார்த்தார். உள்ளங்கை வெடித்து இரத்தம் கசிய, ஒட்டுத்துணி சுற்றிக்கொண்டு மறுபடி அடித்தார். சில மாதங்களில் பணம் தீர்ந்தது. மீண்டும் டாலஸ் கம்பெனிக்கே திரும்பினார்.

அக்கம்பெனி இம்முறை மாதம் 300 டாலர் கொடுத்ததோடு, டாலஸ் கன்ட்ரி கிளப்பில் உறுப்பினராகச் சேர்த்து, அங்கிருந்த ஜார்ஜ் ஆல்பாக் என்ற ஆசிரியரிடம் பாடம் கற்கும் செலவையும் ஏற்றுக்கொண்டது. அப்போது அவருடைய ஒரு நாள் எப்படி இருந்தது தெரியுமா? விடியுமுன் எழுந்து அலுவலக நேரம் வரை பயிற்சி. நண்பகலில் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, மேலதிகாரியின் அறைக் கம்பளத்தில் பந்தை மெல்ல உருட்டிப் பழகுவார். அங்கிருந்த தோல் நாற்காலிக்குள் விழும்படி சிறு அடிகள் அடிப்பார். அலுவலகம் முடிந்ததும் ஆல்பாக்கிடம் பாடம். பாடம் முடிந்தபின் இருட்டும் வரை பயிற்சி. இரவில் விதிப் புத்தகம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாடம் நடந்தது சிறிது நேரம். பயிற்சி நடந்தது பல மணி நேரம். ஆசிரியர் காட்டியதைக் கையில் ஏற்றும் வேலையை மாணவியே செய்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் கம்பெனி கொடுத்த பணம் வீண்தான். ஆனால் பாடம் இல்லாமல் அவ்வளவு நேரம் அடித்திருந்தால் தவறான அடியே கையில் உறைந்திருக்கும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். கோல்ஃபில் தன் வீச்சு தனக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல மற்றொருவர் வேண்டும். தொடங்குகிறவர் முதல் சில பாடங்களையாவது ஆசிரியரிடம் பெறுவது செலவன்று, சிக்கனமே என்பது நம் கருத்து. மாதக்கணக்கில் பணம் கட்டிவிட்டு மட்டையை மூலையில் சாத்தி வைப்போருக்கு இது பொருந்தாது.

1934 நவம்பரில் ஃபோர்ட் வொர்த்தில் நடந்த தம் முதல் பந்தயத்தில் தகுதிச் சுற்றை 77 அடிகளில் முடித்து எல்லாரையும் முந்தினார். 1935 ஏப்ரலில் ஹூஸ்டனில் நடந்த டெக்சாஸ் பெண்கள் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பெக்கி சாண்ட்லரை வென்றார். செல்வச் சீமாட்டிகளின் மன்றங்களில் தச்சரின் மகளுக்கு வரவேற்பு இல்லை. அவருடைய உடையையும் பேச்சையும் ஏளனம் செய்தவர்கள் உண்டு. வெற்றி பெற்ற சில நாட்களிலேயே, பிற விளையாட்டுகளில் பணம் பெற்றவர் என்ற காரணத்தைக் காட்டி, அமெச்சூர் போட்டிகளில் ஆட அவருக்குத் தடை விதித்தது அமெரிக்கக் கோல்ஃப் சங்கம். பேப்பிடமும் குறை இல்லாமலில்லை. தற்பெருமை அதிகம், வயதைக் குறைத்துச் சொல்லும் பழக்கமும் இருந்தது.

தடை வந்ததும் அவர் சும்மா இருக்கவில்லை. புகழ்பெற்ற ஜீன் சாரசனுடன் ஊர் ஊராகச் சென்று காட்சி ஆட்டங்கள் ஆடினார். அவர் ஆடுவதை உற்று நோக்கி ஐயங்களைக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். பிறகு டாமி ஆர்மர் என்ற மற்றொரு மேதையிடமும் பாடம் கேட்டார். 1938 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்களுக்கான பெரிய போட்டியில் துணிந்து இறங்கினார், வெல்லவில்லை. ஆனால் அன்று உடன் ஆடிய மல்யுத்த வீரர் ஜார்ஜ் ஜகாரியாஸை அவ்வாண்டு டிசம்பரிலேயே மணந்தார். பணம் பெற்று ஆடுவதை விட்டு மூன்றாண்டுகள் காத்திருந்து, 1943இல் அமெச்சூர் உரிமையைத் திரும்பப் பெற்றார்.

அதன்பின் வெற்றி மேல் வெற்றி. 1946இல் அமெரிக்கப் பெண்கள் அமெச்சூர் பட்டம். 1947இல் ஸ்காட்லாந்தின் கலன் திடலில் பிரிட்டிஷ் பட்டம். அதை வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. 1948, 1950 ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்கள் ஓப்பன். 1950இல் பெண்கள் தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தைத் தோற்றுவித்த 13 பேரில் ஒருவராக நின்று, பின்வந்த பெண்களுக்கும் வழி திறந்தார்.

1953இல் பெருங்குடலில் புற்றுநோய். ஏப்ரலில் போமான்டில் பெரிய அறுவைச் சிகிச்சை; குடலை வெட்டி வயிற்றில் துளையிட்டு வழி செய்தார்கள். இனி ஆட முடியாது என்றே பலரும் எண்ணினர். அந்நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் கூசிய காலம் அது. அவரோ வெளிப்படையாகப் பேசி, புற்றுநோய் நிவாரணத்துக்கு நிதியும் திரட்டினார். மருத்துவமனை அறையிலேயே கண்ணில் படும்படி மட்டைகளை வைக்கச் சொன்னார். மூன்றரை மாதத்தில் சிகாகோவில் மீண்டும் பந்தயத்தில் நின்றார். 1954 ஜூலையில் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் திடலில் அமெரிக்கப் பெண்கள் ஓப்பனை மூன்றாம் முறையாக வென்றார். இரண்டாம் இடம் பெற்றவரைவிட 12 அடிகள் குறைவு. பல்லாண்டு முன் இரத்தம் கசியக் கற்ற அடி, உடல் தளர்ந்த நாளிலும் கையை விட்டுப் போகவில்லை.

1955இல் நோய் திரும்பியது. 1956 செப்டம்பர் 27ஆம் நாள் கால்வெஸ்டன் மருத்துவமனையில் தம் 45ஆம் வயதில் காலமானார். அங்கும் அவருடைய மட்டைப் பை அறை மூலையில் சாய்ந்து நின்றது. 2021இல் அமெரிக்க நாடு சுதந்திரப் பதக்கத்தை அவர் பெயருக்கு வழங்கியது. போமான்டில் அவர் நினைவாக ஓர் அருங்காட்சியகமும் உண்டு.