கல்லக்குடியில் டால்மியா

செங்கல்பட்டுல ரயில் ஏறி திருச்சிக்குப் போயிருக்கீங்களா? ஏனாத்தூர்ல படிக்கிற நம்மள்ல தெக்கத்திப் பசங்க நிறைய பேர் போற ரூட்டுதான். அரியலூர் தாண்டி கொஞ்ச நேரத்துல கல்லக்குடி பழங்காநத்தம்னு ஒரு ஸ்டேஷன் வரும். 1953-ல் அதோட பேர் டால்மியாபுரம். அந்தப் பேரை மாத்தச் சொல்லி கலைஞர் தண்டவாளத்துல படுத்த கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா அந்த டால்மியா யாருன்னு எப்பவாவது தேடிப் பார்த்தீங்களா?

ராமகிருஷ்ண டால்மியா 1893-ல் ராஜஸ்தானின் சிராவா என்ற ஊரில் பிறந்தவர். வசதியில்லாத மார்வாரி குடும்பம். பிழைப்புக்குக் கல்கத்தா போனவர், வெள்ளி விலை ஏறுமா இறங்குமான்னு பணம் கட்டுற சூதாட்ட வியாபாரத்துல இறங்கினார். கையில இருந்ததை விட்டு கடனாளி ஆனார். அப்புறம் அதே வெள்ளியிலயே பெரிய பணம் பார்த்தார். அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடல. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1930-களில் பீகாரில் சோன் நதிக்கரையில் சர்க்கரை ஆலை தொடங்கினார். அங்கே உருவான ஊருக்கு டால்மியாநகர்னு பேர். 1936-ல் 10 சிமென்ட் கம்பெனிகள் ஒண்ணா சேர்ந்து ஏ.சி.சி. ஆனப்போ, சந்தை முழுக்க அவங்க கைக்குப் போயிடும்னு எல்லாரும் நினைச்சாங்க. டால்மியா குடும்பம் நாட்டின் பல மூலைகளில் சொந்தமா சிமென்ட் ஆலைகளைக் கட்டி, நேருக்கு நேர் விலைப் போட்டியில இறங்கியது.

அதுல ஒண்ணு 1939-ல் கல்லக்குடியில் வந்த ஆலை. ஏன் கல்லக்குடி? ஒரு டன் சிமென்ட் செய்ய சுமார் ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேணும். சூளையில அந்தக் கல்லோட எடையில பெரிய பங்கு கார்பன் டை ஆக்சைடா காத்துல போயிடும். காத்துல போகப்போற எடைக்கு யாராவது ரயில் வாடகை கொடுப்பாங்களா? அதனால கல் இருக்கிற இடத்துக்குத்தான் ஆலை போகணும். கல்லக்குடியில கல்லும் இருந்தது, பக்கத்துலயே ரயில் பாதையும் இருந்தது. நாளுக்கு 250 டன் சிமென்ட்னு கணக்கு போட்டா, தினமும் கிட்டத்தட்ட 375 டன் பாறை. பேர்லயே கல் வெச்சிருந்த ஊர் டால்மியாபுரம் ஆச்சு. கல்லை வெட்ட உரிமை வாங்கலாம், ஊர்ப் பேரையும் சேர்த்து எடுத்துக்க முடியுமா? 1953 ஜூலை 15-ல் தி.மு.க. கேட்டது இதைத்தான். அன்னைக்கு நடந்த துப்பாக்கிச் சூட்டுல 2 பேர் செத்துப்போனாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, அதுக்கு முன்னாடியே, 1948-ல், குடும்பச் சொத்து பாகம் பிரிஞ்சு இந்த ஆலை தம்பி ஜெய்தயாள் பக்கம் போயிடுச்சு. அண்ணன் டெல்லியில இருந்தார். ஜின்னாவோட டெல்லி வீட்டை வாங்கினவர் அவர்தான். டைம்ஸ் ஆஃப் இந்தியா பத்திரிகை கம்பெனியையும் வாங்கியிருந்தார். பங்குச் சந்தையில விட்ட பணத்தை ஈடுகட்ட, தன் பொறுப்பில் இருந்த பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் 2 கோடி ரூபாய்க்கும் மேல எடுத்துட்டார். பாலிசி கட்டினவங்க பணம் அது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் இதைப் போட்டு உடைச்சார். அடுத்த வருஷமே ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆகி எல்.ஐ.சி. வந்தது. 1962-ல் டால்மியா குற்றவாளிதான்னு உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. திகார் சிறை. 1978-ல் இறந்தார்.

கல்லக்குடியில கல் எடுத்து முடிச்ச பழைய குவாரிச் சுவர்களைப் பார்க்க ஜியாலஜி படிக்கிறவங்க இன்னும் வர்றாங்க. சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தின கடல் அது. பவளமும் பாசியும் படிஞ்சு உண்டான சுண்ணாம்புக்கல். ஸ்டேஷன் போர்டு மாறி பல வருஷம் ஆச்சு. ஆனா பாடப்புத்தகத்துல அந்தப் பாறை அடுக்கோட பேர் இன்னைக்கும் டால்மியாபுரம் ஃபார்மேஷன்தான்.