'தேவதாஸ்' எத்தனை முறை படமானது? எழுதியவரே அச்சிடத் தயங்கிய நாவலின் கதை

காதல் தோல்வியில் யாராவது தாடியோடு திரிந்தால், உடனே 'தேவதாஸ்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயர் உங்களுக்கு ஷாருக் கான் மூலமா வந்திருக்கலாம். உங்க தாத்தா பாட்டிக்கு நாகேஸ்வர ராவ், சாவித்திரி மூலமா வந்திருக்கும். சரி, அந்தக் கதையை எழுதியவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

யார் இந்த சரத் சந்திரர்?

சரத் சந்திர சட்டோபாத்யாய் 1876 செப்டம்பர் 15 அன்று வங்கத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், தேவானந்தபூரில் பிறந்தார். வறுமையான குடும்பம். பாகல்பூரில் அம்மாவின் பிறந்த வீட்டில் வளர்ந்தார். கல்லூரியில் சேர்ந்தும், தேர்வுக் கட்டணம் கட்டக் காசில்லாமல் படிப்பு நின்றுபோனது. 'தேவதாஸ்' எழுதியது அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில்தான். அப்போது அவர் இருபதுகளின் நடுவில் இருந்தார், கிட்டத்தட்ட உங்க வயசு.

ஆனால் அதை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 1903-இல் வேலை தேடி ரங்கூன் போனார், அரசு கணக்கு அலுவலகத்தில் கிளார்க் ஆனார். அங்கே பிளேக் நோய்க்கு மனைவியையும் கைக்குழந்தையையும் பறிகொடுத்தார். 1912-இல் வீடு தீப்பிடித்து, கையெழுத்துப் பிரதிகளும் எரிந்துபோயின. இதற்கிடையே, அவர் ஊரில் விட்டுப்போன ஒரு கதை 1907-இல் 'பாரதி' பத்திரிகையில் வெளியானது. தாகூர்தான் எழுதியிருப்பார் என்று பலர் நினைத்தார்களாம்!

இளவயதில் எழுதியது என்பதால் 'தேவதாஸ்' மீது அவருக்குத் தயக்கம் இருந்துகொண்டே இருந்தது. 1917-இல்தான் அது புத்தகமானது. அப்போது அவருக்கு வயது 40.

எத்தனை படங்கள்?

பல மொழிகளில், பல முறை. முக்கியமானவை மட்டும் இங்கே:

• 1928: மௌனப் படம், இயக்கம் நரேஷ் மித்ரா
• 1935: வங்காளம், பி.சி. பருவா இயக்கி நடித்தார்
• 1936: இந்தி, கே.எல். சைகல்
• 1953: தெலுங்கு, தமிழ், நாகேஸ்வர ராவ்
• 1955: இந்தி, திலீப் குமார், இயக்கம் பிமல் ராய்
• 2002: இந்தி, ஷாருக் கான், இயக்கம் சஞ்சய் லீலா பன்சாலி
• 2009: 'தேவ் டி', இயக்கம் அனுராக் காஷ்யப்

முதல் மூன்றும் அவர் உயிரோடு இருந்தபோதே வந்துவிட்டன. 1938 ஜனவரி 16 அன்று கல்கத்தாவில் அவர் காலமானார்.

படமும் நாவலும் ஒன்றா?

இல்லை. 2002 படத்தில் பார்வதியும் சந்திரமுகியும் சேர்ந்து ஆடுவார்கள், ஞாபகம் இருக்கா? நாவலில் இருவரும் சந்திப்பதே இல்லை. 'தேவ் டி' நாயகன் சாகாமல் வேறு வாழ்க்கையைத் தேடிப் போகிறான். நாவலில் அவன் பார்வதியின் வீட்டு வாசல் வரை வந்து, அவளைப் பார்க்காமலே சாகிறான். அந்தச் சாவை சரத் சந்திரர் கொண்டாடவே இல்லை. இப்படி ஒரு முடிவு யாருக்கும் வரக்கூடாதே என்ற பதைப்போடுதான் கதையை முடிக்கிறார்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்க. இதே மனிதர் 1926-இல் ரங்கூன் பின்னணியில், சுதந்திரப் புரட்சியாளர்களைப் பற்றி 'பதேர் தாபி' என்ற நாவலை வெளியிட்டார். ஆங்கிலேய அரசு அதற்குத் தடை போட்டது. ஓர் அரசையே பயமுறுத்திய அந்தப் புத்தகம் நம்மில் பலருக்குத் தெரியாது. எழுதியவரே ஒதுக்கி வைத்த புத்தகத்தின் பெயர் மட்டும் நம் தினசரிப் பேச்சில் இருக்கிறது.

அடுத்த முறை யாரையாவது தேவதாஸ் என்று கிண்டல் செய்யும் முன், அந்தச் சின்ன நாவலை ஒருமுறை படிச்சிடுங்க.