தங்கத் தாத்தா நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர்

யாழ்ப்பாணத்திலே பிறந்து ஆடிக்கூழ் குடித்து வளர்ந்தவர்களுள் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டொன்றையேனும் கேளாதவர் மிகச் சிலரே. ஆயினும் பாட்டை அறிந்த அளவுக்குப் பாடியவரை நாம் அறிந்திருக்கிறோமா என்றால், இல்லை என்றே சொல்லவேண்டும். நம்மிற் பலருக்கு அவர் குழந்தைகளுக்குப் பாட்டுக் கட்டிய ஒரு தாத்தா, அவ்வளவுதான். அந்த எளிய பாட்டுக்களின் பின்னே எத்தகைய புலமை நின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அடியேனும் அண்மைக்காலம்வரை எண்ணிப் பார்க்காதவனே.

மானிப்பாய்க்கு அயலிலே, வயலும் பனங்கூடலும் சூழ்ந்த சிற்றூர் நவாலி. அவ்வூரில் 1878ஆம் ஆண்டு, கதிர்காமர் என்பாருக்கும் இலக்குமிப்பிள்ளை என்பாருக்கும் மகனாகப் புலவர் பிறந்தார். அடுத்த ஆண்டு, 1879 இல், ஆறுமுக நாவலர் மறைந்தார். நாவலர் மூட்டிய தமிழ், சைவக் கல்வி விளக்கின் ஒளியிலே வளர்ந்த தலைமுறை புலவருடையது. அக்காலத்தில் உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஊரிலே மதிப்புப் பெறவும் ஆங்கிலம் வேண்டும். தமிழைக் கற்றுத் தமிழாலே வாழ எண்ணியவர் வறுமையை விலைகொடுத்து வாங்கியவராகவே கருதப்பட்டார். அந்நாளிலே தமிழ் வாத்தியாராக வாழத் துணிந்தவர் நம் புலவர்.

வட்டுக்கோட்டை இந்து ஆங்கிலப் பாடசாலையிலே ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவர் ஆசிரியப்பணி செய்தார். அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் தொடங்கிய பெயர்பெற்ற செமினரி இருந்ததும் அதே வட்டுக்கோட்டையிலேதான். ஆங்கிலக் கல்வியின் புகழ் ஓங்கியிருந்த அவ்வூரிலே, ஒரு தமிழ் வாத்தியார் நாள்தோறும் பிள்ளைகளின் முன் நின்று நிகண்டும் நன்னூலும் சொல்லிக்கொடுத்த காட்சியை மனக்கண்ணாற் காணுங்கள். பிள்ளைகளுக்கு எது இனிக்கும், எது கசக்கும் என்பதை அவர் எந்த நூலிலும் படிக்கவில்லை. அந்த வகுப்பறையிலேதான் படித்தார்.

புலவரின் புலமை சாதாரணமானதன்று. கதிர்காமத்து முருகன்மேல் கதிரைச் சிலேடை வெண்பா பாடினார். சிலேடை வெண்பா என்பது என்ன? வெண்பாவின் தளை சிறிதும் பிசகக் கூடாது. அதன் முன்னிரண்டு அடிகளிலே ஒரே சொற்றொடர் இரு பொருள்களுக்குப் பொருந்தி நிற்கவேண்டும். பின்னடிகளிலே தலத்தின் பெருமையும் இறைவனின் புகழும் வரவேண்டும். ஒரு செய்யுள் இவ்வாறு செய்வதே அரிது. ஒரு நூல் முழுவதும் செய்வதற்கு எத்தனை பயிற்சி வேண்டும்! தம் ஊரிலே கோயில்கொண்ட அட்டகிரி முருகனையும் பாடினார். கலைமகளுக்கு நாமகள் புகழ்மாலை சூட்டினார். உயிரிளங்குமரன் என்னும் நாடகமும் எழுதினார்.

இத்தனை வல்லவர், கத்தரித் தோட்டத்திலே நிற்கும் வெருளியைப் பார்த்துப் பாட்டுக் கட்டினார் என்பதே நாம் வியக்கவேண்டிய செய்தி. பகலிரவு பாராமல், கூலியும் கேளாமல் காவல் நிற்கும் அந்தப் பொம்மைச் சேவகன் அதற்குமுன் எந்தப் புலவரின் கண்ணிலே பட்டான்? ஆடிப்பிறப்பன்று பள்ளிக்கூடம் விடுமுறை என்னும் பிள்ளையின் மகிழ்ச்சியை அவர் பாடினார். மாவும் பயறும் தேங்காயும் பனங்கட்டியும் சேர்ந்து கூழாகும் அடுக்களையைப் பாடினார். ஆடு கதறியது என்னும் பாட்டிலே வாயில்லாச் சீவனுக்கு வாய் கொடுத்தார். நுங்கும் ஒடியலும், ஓலையும் வளையுமாக நம்மை வாழவைக்கும் பனைக்குத் தாலவிலாசம் என்று தனியே ஒரு நூல் செய்தார். ஈழநாட்டின் செழிப்பை இலங்கை வளம் என்னும் நூலிலே பாடினார். தெய்வத்துக்கு ஒரு யாப்பு, கத்தரித் தோட்டத்துக்கு மட்டமான வேறொரு நடை என்று அவர் வேற்றுமை பாராட்டவில்லை. சந்தத்திலும் எதுகை மோனையிலும் இரண்டுக்கும் ஒரே கவனத்தையே கொடுத்தார்.

அடியேன் மிஷன் பாடசாலையிலே படித்தவன். சிறு வகுப்பிலே நாங்கள் பாடிய ஆங்கிலப் பாட்டுக்களில் நாங்கள் காணாத உறைபனியும், பார்க்காத பாலமும், கேட்டறியாத பறவைகளும் வந்தன. அவற்றின் ஓசை இனிமையை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த ஓசையாலேதான் அவை இன்றும் நினைவில் நிற்கின்றன. ஆனால் ஒரு வேற்றுமையைப் பின்னாளிலே உணர்ந்தேன். ஆங்கிலப் பாட்டிலே ஓசை ஒத்துவருவது பெரும்பாலும் அடியின் முடிவிலே. தமிழ்ப் பாட்டிலே எதுகை வருவது அடியின் தொடக்கத்திலே. ஒரு தமிழ்ப் பிள்ளை முதலடியைப் பாடி முடித்ததும், அடுத்த அடியின் முதற்சொல்லை எதுகையே கைபிடித்து எடுத்துக் கொடுக்கிறது. இடையிலே தடுமாறினால் மோனை தாங்கிக் கொள்கிறது. யாப்பென்பது விலங்கு என்று எண்ணியிருந்த எனக்கு, அது குழந்தை பிடித்து நடக்கும் நடைவண்டி என்று காட்டியவர் நவாலியூர்ப் புலவரே.

இதை நான் ஏட்டிலே படித்து அறியவில்லை. எங்கள் அம்மம்மாவிடமிருந்தே அறிந்தேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனங்கள் எல்லோரும் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தார்களல்லவா? அந்த நெரிசலிலே, மழையிலே, ஐந்து வயதான எங்கள் சின்ன மாமாவைத் தோளிலே போட்டுக்கொண்டு அம்மம்மாவும் நடந்தார். பிள்ளை பசியாலும் பயத்தாலும் அழுதபோது கொடுப்பதற்குக் கையிலே ஒன்றுமில்லை. ஆடிப்பிறப்புப் பாட்டையே திரும்பத் திரும்பப் பாடினாராம். பிள்ளை அழுகையை நிறுத்தி, அடுத்த அடியைத் தானே எடுத்துப் பாடினானாம். வீட்டிலிருந்த புத்தகம் ஒன்றும் அன்று அவர்களோடு வரவில்லை. பாட்டு வந்தது.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பரானதாகச் சொல்வார்கள். ஏட்டிலே மட்டும் இருந்தவற்றுட் சில மீளவே இல்லை. நாவிலே இருந்தவற்றை எந்தத் தீயும் தீண்டவில்லை. எதுகையும் மோனையும் சந்தமும் பண்டிதரின் அணிகலன் மாத்திரமல்ல, இடம்பெயரும் ஒரு சனத்தின் கட்டுச்சோறும் ஆகும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டதாக அம்மம்மா சொல்வார்.

புலவர் 1953 யூலை மாதத்திலே, ஆடிப்பிறப்புக்குச் சில நாட்கள் இருக்கும்போது இறைவனடி சேர்ந்தார். சிறுவர்க்கென அவர் பாடிய பாட்டுக்கள் சிறுவர் செந்தமிழ் என்னும் பெயரோடு 1955 இல் நூலாயின. அவருடைய மைந்தர் பண்டிதர் இளமுருகனாரும் தந்தைவழி நின்று ஈழத்துச் சிதம்பர புராணம் பாடிப் புகழ்பெற்றார். தங்கத் தாத்தா என்று மக்கள் அன்போடு வழங்கிய பெயர் இன்றுவரை நிலைத்திருக்கின்றது.

பல்கலைக்கழகத்திலே என் நண்பர்கள் புதுக்கவிதை எழுதுகிறார்கள், நானும் எழுதியதுண்டு. அதை விட்டுவிடும்படி ஒருவரையும் நான் கேட்கவில்லை. ஆனால் யாப்பைக் கற்காமலே அது செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமன்று. சிலேடை வெண்பா பாட வல்லவர் வெருளியைப் பாடக் குனிந்தார். அந்தக் குனிவுக்குப் பெயர் எளிமை. அதற்குப் பின்னே நின்றது நீண்டகாலப் பயிற்சி. பயிற்சியில்லாத எளிமை வேறு, பயிற்சியின் முடிவிலே வரும் எளிமை வேறு.

அன்பார்ந்த இளைஞர்களே! வருகின்ற ஆடிப்பிறப்பிலே கூழ் காய்ச்சும்போது வீட்டிலுள்ள சிறுவர்களை அருகிலே இருத்துங்கள். தங்கத் தாத்தாவின் பாட்டொன்றைத் தொடக்கிவிட்டுச் சற்றே நிறுத்துங்கள். அடுத்த அடியைப் பிள்ளை தானே எடுத்துப் பாடுமாயின் நம் தமிழ் தங்கும். பாடாதாயின், பிழை பிள்ளையினுடையதன்று, நம்முடையது.