தளிர் தேடிய ஆசான்

தமிழில் கவிஞர் பலர் தோன்றியிருக்கின்றனர். தம் கவித்துவத்தைப் பேணியதோடு பிறருடைய ஆற்றல்களையும் இனங்கண்டு வளர்த்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களையும், பத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களையும், அந்தாதி, கோவை, உலா, கலம்பகம் முதலிய பிரபந்தங்கள் பலவற்றையும் இயற்றிய அப்பெரும்புலவரை இன்று தமிழுலகம் பெரும்பாலும் அவருடைய மாணாக்கர் வாயிலாகவே அறிகிறது. இதனை ஒரு கவிஞருக்கு நேர்ந்த குறையெனச் சிலர் கருதக்கூடும். அவருடைய வாழ்க்கையை ஊன்றி நோக்குவார்க்கு அவ்வாறு தோன்றாது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளை, தாயார் அன்னத்தாச்சி. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வாழ்ந்த தந்தையாரே மகனுக்கும் முதல் ஆசிரியர். மகனின் நினைவாற்றல் இயல்பிற்கு மிஞ்சியது என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். கண்டதும், மற்றப் பிள்ளைகளுக்குரிய அளவோடு நிறுத்திவிடாமல், நிகண்டும் சதகமும் அந்தாதியுமாகத் தம்மிடம் இருந்ததையெல்லாம் ஊட்டினார். அந்த நல்லாசிரியரின் துணை நெடுநாள் நீடிக்கவில்லை. இளம்பருவத்திலேயே தந்தையாரை இழந்த மீனாட்சிசுந்தரம், அதன்பின் கல்வியைத் தாமே தேடி அலைய வேண்டியவரானார்.

அக்காலத்தில் தமிழ்க் கல்வி என்பது ஏட்டுச் சுவடிகளிலும், அவற்றை உடையவர் மனத்திலும் அடைபட்டுக் கிடந்தது. அச்சான நூல்கள் அரியவை. சுவடி வைத்திருந்தவர் பலர் அதனைப் பிறர் கையில் கொடுக்க மனமிசையார். பொருள் அறிந்தவர் சிலர் அதனைச் சொல்ல இசையார். இத்தகைய சூழலில் தண்டியலங்காரத்தைக் கற்க விரும்பிய அவ்விளைஞர், அந்நூலில் வல்லவராய்த் தெருத்தெருவாகப் பிச்சையேற்றுத் திரிந்த பரதேசி ஒருவர் இருப்பதை அறிந்தார். அவர் மனம்போன போக்கிலெல்லாம் உடன்சென்று, அவர் சொல்லிய நேரத்தில் சொல்லிய அளவு கேட்டு, அந்நூலைக் கற்று முடித்தார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களிடமும் ஐயந்தீரக் கேட்டுத் தெளிந்தார்.

பட்ட துன்பம் மனிதரை இருவகையாக மாற்றும். தாம் அரிதிற் பெற்றதைப் பிறரும் அரிதிற் பெறுக என்று பூட்டிவைப்பார் சிலர். பிள்ளையவர்கள் மற்றொரு வகையினர். தாம் பட்ட பாடு இனி ஒருவரும் படலாகாது என்று உறுதிகொண்டவர் போலத் தம் வீட்டுக் கதவை அவர் திறந்தே வைத்தார். திரிசிரபுரத்திலும், மாயூரத்திலும், திருவாவடுதுறை ஆதீனத்திலும் அவர் பாடஞ்சொன்ன ஆண்டுகளில் பொருள் கேட்டுக் கற்பித்ததில்லை. தமக்கே வறுமை தலைகாட்டிய காலத்திலும் மாணாக்கருக்கு உணவளித்தார். கடன் பட்டார். எனினும், பாடம் நின்றதில்லை.

அவரிடம் வந்தவர்கள் ஒருதன்மையர் அல்லர். பூவாளூர் தியாகராச செட்டியார் கூரிய அறிவும், அஞ்சாத நெஞ்சும், ஒளிக்கத் தெரியாத நாவும் படைத்தவர். இலக்கணத்தில் அவருக்கிருந்த பிடிப்பு, பிழை கண்ட இடத்தில் எவரையும் விட்டுவைக்காது. அக்கூர்மையைப் பிள்ளையவர்கள் மழுக்க முயலவில்லை. அது செல்ல வேண்டிய வழியிலேயே செல்லவிட்டார். பிற்காலத்தில் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கி, பட்டதாரிகள் நடுவே தமிழுக்கு மதிப்புத் தேடித்தந்தவர் அச்செட்டியாரே. நாகூர் குலாம் காதிறு நாவலரிடம் இருந்தது வேறொரு திறம். தம் சமயப் பொருளைத் தமிழ்ச் செய்யுள் மரபுக்குள் கொண்டுவந்து இணைக்கும் ஆற்றல் அது. சைவத்தில் ஊறிய ஆசான், அந்த மாணாக்கர் தம் வழியிலேயே புலமை பெற்று எழுவதற்கு வேண்டிய யாப்பையும் அணியையும் ஈந்தார். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டபின் அதனைப் பொருளாகக் கொண்டு புலவராற்றுப்படை பாடியவர் அந்நாவலர். சவேரிநாத பிள்ளை கிறித்தவர். பணிவும், பொறுமையும், இளையவர்க்குச் சலியாமற் பாடஞ்சொல்லும் பாங்கும் அவருக்கு வாய்த்திருந்தன. ஆசிரியர் வீட்டின் காரியங்களையெல்லாம் தாங்கியதோடு, புதிதாக வந்தவர்களுக்கு முதற்பாடம் சொல்லும் பொறுப்பும் அவருடையதாயிற்று. இவ்வாறு ஒரே திண்ணையில் இலக்கணியும், கவிஞரும், ஆசிரியரும் உருவாயினர். மூவருக்கும் பாடமாக அமைந்த நூல்கள் பெரும்பாலும் ஒன்றே. விளைந்த பயன்கள் வேறு.

1871ஆம் ஆண்டில், மாயூரத்தில் இருந்த அவரிடம் உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் தம் மகனை அழைத்துவந்தார். இளைஞருக்கு அப்போது பதினேழாம் பிராயம். பிள்ளையவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஆர்வத்தோடு வருபவர் பலர், சிறிது காலம் இருந்துவிட்டு ஏதேனும் ஒரு காரணம் சொல்லிப் போய்விடுவது அவருக்குப் பழகிய வருத்தமாக இருந்தது. இளைஞரை நைடதத்திலிருந்து செய்யுள் சொல்லச் செய்து பொருள் கேட்டார். விடைகளைக் காட்டிலும், கற்றாலன்றித் திரும்புவதில்லை என்ற அவ்விளைஞரின் முகக்குறிப்பே அவரை இணங்கச் செய்திருக்க வேண்டும். வேங்கடராமன் என்ற இயற்பெயரினும் வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரே நன்றெனக் கொண்டு, அதனாலேயே அழைக்கலானார். தமிழுலகம் நாளடைவில் அறிந்த உ. வே. சாமிநாதையர் என்ற பெயர் அந்த ஆசிரியர் தேர்ந்தளித்ததே.

தொடக்கத்தில் சாமிநாதனுக்குப் பாடம் சொன்னவர் சவேரிநாத பிள்ளை. ஆசிரியர் வாயாலேயே கேட்க வேண்டும் என்ற ஏக்கம் மாணாக்கர் உள்ளத்தில் வளர்ந்தது. அதனைக் கேட்கும் துணிவு வரவில்லை. பிள்ளையவர்களுக்கு மரஞ்செடிகளில் மிகுந்த ஈடுபாடு உண்டு. புதிதாக வாங்கிய வீட்டின் தோட்டத்தில் மரங்களைக் கொணர்ந்து நடச்செய்து, அவை பிழைத்தனவா, எங்கேனும் தளிர் விட்டிருக்கிறதா என்று காலைதோறும் ஒவ்வொரு மரமாகப் பார்த்து வருவார். இதனைக் கவனித்த சாமிநாதன், அவர் எழுந்து வருமுன்பே தோட்டத்திற்குள் சென்று, புதுத்தளிர் அரும்பிய இடங்களைக் குறித்துவைத்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். முதியவர் முகம் மலரும். சின்னாட்களில் அம்மலர்ச்சி மாணாக்கர்பால் திரும்பியது. நேரே பாடம் கேட்கும் பேறும் கிட்டியது. தளிர் தேடுவாரிடம் தளிர் காட்டிய நிகழ்ச்சி அது. ஆயின், அன்று தோட்டத்தில் அரும்பியவற்றுள் நெடுங்காலம் நின்றது மரத்தில் அரும்பியதன்று.

பிள்ளையவர்களின் பாடஞ்சொல்லும் முறையில் கண்டிப்பு மிகுதியில்லை. தாம் புதிதாக ஒரு புராணம் இயற்றும்போது மாணாக்கரை ஏடும் எழுத்தாணியுமாக அருகிருத்திக்கொள்வார். பேசுவது போலச் செய்யுட்கள் வரும். எழுதுபவர் கை சளைக்குமேயன்றிச் சொல்பவர் நா சளைக்காது. ஒரு கவி எவ்வாறு பிறக்கிறது, எந்தச் சொல் எந்த இடத்தில் மாற்றப்படுகிறது என்பதை மாணாக்கர் கண்முன்னே கண்டனர். எதுகை மோனையைச் சூத்திரத்தால் அறிவதற்கும், அவை அமையும் கணத்தில் அருகிருந்து எழுதுவதற்கும் உள்ள வேற்றுமையைக் கவிஞர்களுக்கு விளக்கவேண்டுவதில்லை. உணவு வேளையும், ஆற்றுக்குச் செல்லும் வழியும் அவர்களுக்குப் பாடவேளைகளே.

இத்தகைய ஆசிரியரும் ஓரிடத்தில் தம் மாணாக்கரின் ஆற்றலொன்றை வளரவிடாமல் தடுத்தார். சாமிநாதன் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் சங்கீத வித்துவான். இளமையிலேயே சாமிநாதனுக்கு இசைப்பயிற்சி உண்டு. அப்பயிற்சி விட்டுப்போகக்கூடாது என்ற தந்தையாரின் விருப்பப்படி, அவர் மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் ஓய்வு நேரங்களில் கீர்த்தனங்கள் கற்றுவந்தார். ஒருநாள் பாரதியார், பிள்ளையவர்களைக் கண்டபோது இதனைத் தெரிவித்தார். பிள்ளையவர்களோ மகிழவில்லை. இசையில் ஈடுபாடு மிகுந்தால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்று மாணாக்கரிடம் எடுத்துரைத்தார். ஆசிரியர் வாக்கை மீறும் எண்ணமே இல்லாத சாமிநாதன் இசைப்பாடத்தை நிறுத்திவிட்டார்.

இசையின் ஆற்றலைப் பிள்ளையவர்கள் அறியாதவரும் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன் அதே பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி வந்தபோது, இலக்கண வழுக்கள் மலிந்த நூலென்று கருதி அவர் காலங்கடத்திவந்தார். ஒருநாள் அவர் உள்ளே ஓய்ந்திருந்த நேரத்தில், திண்ணையில் காத்திருந்த பாரதியார் தமக்குத்தாமே பாடத் தொடங்கினார். பாட்டிலிருந்த உருக்கம் பிள்ளையவர்களை ஆட்கொண்டது. வழுக்களை எண்ணிக்கொண்டிருந்த மனம் கரைந்தது. பாயிரம் பாடிக் கொடுத்தார். ஆயினும் தம் மாணாக்கர் அவ்வழியே செல்வதை அவர் விரும்பவில்லை.

அவர் செய்தது சரியா? ஒருமுகப்பட்ட உழைப்பின்றிப் பெரும்புலமை கைகூடாது என்பது அவர் தம் வாழ்வாற் கண்ட உண்மை. பாதியில் நழுவிய மாணாக்கர் பலரைக் கண்டவருக்கு, அரிதிற் கிடைத்த ஒருவர் இருவழிப் படுவாரோ என்ற அச்சம் இயல்பே. அந்த அச்சத்தில் அன்பு இருந்தது. ஆனால் இலக்கணத்துள் அடங்காத பாட்டொன்று தம் உள்ளத்தையே வென்ற அனுபவத்தை அவர் அப்போது நினைந்திருந்தால், அத்தளிரைக் கிள்ளாமலே காத்திருக்கவும் கூடும். தாம் பயிரிடும் தோட்டத்தில் எழும் தளிரை எந்த நல்லாசானும் காண்பான். தம் வேலிக்கு அப்பால் எழுவதைத் தளிரென்று ஒப்புவது, அவரைப் போன்றாருக்கும் அரிதாயிற்று.

1876ஆம் ஆண்டு பெப்ருவரி முதல் நாள் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். இறுதி வேளையில் அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கியிருந்தவர் சவேரிநாத பிள்ளை. அருகிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தை வாசித்தவர் சாமிநாதையர். அவர் சேர்த்துவைத்த செல்வம் எத்தகையது என்பதை அக்காட்சியே உணர்த்தும்.

1880இல் தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபோது தம் இடத்திற்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்துக் கல்லூரியில் அமரச் செய்தார். ஆசிரியர் மறைந்தபின் அவர் விட்ட பணியை மூத்த மாணாக்கர் தொடர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார், பிள்ளையவர்களிடம் ஐயர் பாடங்கேளாத பழைய நூல்களைப் பற்றி வினவினார். அவ்வினாவின் பயனாக 1887இல் சீவக சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் ஐயர் பதிப்பாக வெளிவந்தன. அந்நூல்களை ஆசிரியர் கற்பித்ததில்லை. ஏட்டை வாசிக்கும் கண்ணையும், ஓசை குன்றிய இடத்தில் ஐயுறும் செவியையும், சலியாத உழைப்பையும் கற்பித்திருந்தார். ஆசிரியர் காட்டாத காட்டுக்குள் மாணாக்கர் வழிதவறாது சென்றமைக்கு அவை போதுமானவையாயின.

தம் ஆசிரியரின் வரலாற்றை ஐயர் 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். அவர் பணி அதனோடு நிற்கவில்லை. எண்பதைக் கடந்த முதுமையில், கோபாலகிருஷ்ண பாரதியாருக்கும், தம் தந்தையாரின் இசையாசானாகிய கனம் கிருஷ்ணையருக்கும், மகா வைத்தியநாதையருக்கும் வரலாறுகள் எழுதினார். மாயூரத்தில் ஆசிரியர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிறுத்திய இசை, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுள் இருந்து, உரைநடையாகத் துளிர்த்தது. அந்நூல்களில் ஆசிரியர்மேல் மனக்கசப்பின் சாயல்கூட இல்லை. அத்துளிரையும் முதலில் காட்ட வேண்டியவர் ஒருவர் இருந்தார். அவர் தோட்டத்திற்கு வரும் காலைகள் என்றோ முடிந்துபோயிருந்தன.