தங்கராஜ் காலத்துல அது ஃபவுல் இல்ல

மரக்காணத்துல உப்பளத்தை ஒட்டின காஞ்ச தரைதான் எங்க கிரவுண்ட். மழை வந்துட்டா அதுவும் தண்ணி. போன லீவுல அங்க ஒரு மேட்ச், நான் கோல்கீப்பர். எங்க டிஃபெண்டர் காலால தள்ளிவிட்ட பந்தைக் குனிஞ்சு கையில எடுத்துட்டேன். பேக் பாஸ்! எதிர் டீமுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதுல கோல், மேட்ச் போச்சு. கடுப்புல இந்த ரூல் எப்போ வந்ததுன்னு தேடினேன். 1992. அதுக்கு முன்னாடி இருந்தவங்க எப்படி ஆடினாங்கன்னு பார்க்கப் போய்தான் பீட்டர் தங்கராஜ் கிடைச்சார்.

1935 டிசம்பர் 24, ஹைதராபாத்ல பிறந்தவர். நீலகிரி வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர்ல ராணுவ வீரரா சேர்ந்தார். ஆரம்பத்துல கோல் அடிக்கிற ஆளு, சென்டர் ஃபார்வர்டு. ஆறடிக்கு மேல உயரம். அப்புறம்தான் கோல்கீப்பர் ஆனார். 1955லயும் 1958லயும் அந்த டீம் டூரண்ட் கோப்பை ஜெயிச்சது. 1958ல ஆசியாவோட சிறந்த கோல்கீப்பர்னு அவரைத் தேர்ந்தெடுத்தாங்க.

அவர் காலத்துல பேக் பாஸை எடுக்கலாம், அதனால வேலை சுலபம்னு நினைக்காதீங்க. பந்தைக் கையில வச்சுக்கிட்டு நாலு ஸ்டெப்தான் நடக்கலாம். அதைவிட மோசம், பந்து கையில இருக்கும்போதே ஃபார்வர்டு தோளால இடிக்கலாம், அது ஃபவுல் கிடையாது! 1958 எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்ல நாட் லாஃப்ட்ஹவுஸ் கீப்பரைப் பந்தோட சேர்த்து வலைக்குள்ள தள்ளினதையே கோல்னு குடுத்தாங்க. இன்னும் பின்னாடி போனா, 1912 வரைக்கும் கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்க கையால பந்தைத் தொடலாம். வேல்ஸ் கீப்பர் லீ ரூஸ் பந்தைத் தட்டிக்கிட்டே நடுக்கோடு வரை வந்துடுவாராம். அப்புறம்தான் பெனால்டி ஏரியாவோட நிறுத்தினாங்க. இப்ப 2025ல இருந்து எட்டு செகண்டுக்கு மேல வச்சிருந்தா எதிரணிக்கு கார்னர்.

சரி, தங்கராஜ். 1956 மெல்போர்ன், 1960 ரோம்னு ரெண்டு ஒலிம்பிக் டீம்லயும் இருந்தார். மெல்போர்ன்ல இந்தியா நாலாவது இடம். ஆனா பெரிய நாள் 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ் ஃபைனல். அதுக்கு முன்னாடி அவருக்கு ஃப்ளூ காய்ச்சல், பிரத்யுத் பர்மன் கோல்ல நின்னார். ஃபைனலுக்கு கோச் ரஹீம் தங்கராஜைத்தான் இறக்கினார். ரஹீமே அப்போ கேன்சரோட இருந்தவர், அடுத்த வருஷம் இறந்துட்டார். தலையில தையலோட ஜர்னைல் சிங், காய்ச்சல்ல இருந்து எழுந்த கீப்பர், இந்தியாவுக்கு எதிரா கத்துற ஒரு லட்சம் பேர். இப்படி ஒரு டீமை இன்னைக்கு யாராவது இறக்குவாங்களா, எனக்குத் தெரிஞ்சு மாட்டாங்க. பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் சீக்கிரமே ரெண்டு கோல் போட்டுட்டாங்க. மீதி நேரம் முழுக்க தென் கொரியா தாக்குதல். கடைசி நேரத்துல ஒண்ணுதான் உள்ள போச்சு. 2-1. அதுக்கப்புறம் ஏசியன் கேம்ஸ் ஃபுட்பால்ல நமக்குத் தங்கம் வரல.

கல்கத்தாவோட மூணு பெரிய க்ளப்புக்கும் ஆடினார். 1967ல அர்ஜுனா விருது. 1971ல ஆட்டத்தை விட்டுட்டு, பொகாரோல பசங்களுக்குக் கோச்சிங் குடுத்தார். 2008 நவம்பர் 24 அங்கயே இறந்தார். அப்போ எனக்கு நாலு வயசு.

அடுத்த லீவுலயும் நான்தான் கீப்பர். பேக் பாஸ் வந்தா காலால அடிக்கணும், அவ்வளவுதான்.